நஞ்சுக்கொடிக்குப் பின்னிய வலைப்பை

எண்பதுகளின் கடைசி வருடங்களில் பழவேற்காட்டில் எட்டுப் படுக்கை கொண்ட ஒரு சின்னப் பிரசவ விடுதி இருந்தது. தருமத்துக்கு நடந்த விடுதி. நான் அங்கே ஆயா. வயது இருபத்திரண்டு, படிப்பு ஒன்பதாவது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள் கூட வலி வந்தால் "ஆயா, ஆயா" என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் நிமிர்ந்து முகம் பார்க்காமல் கையைக் கொடுப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். பேச வேண்டிய இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான்.

விடுதியில் அறுவை சிகிச்சை வசதி கிடையாது. குழந்தை குறுக்கே கிடந்தாலோ ரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ மெட்ராஸுக்குத்தான் போக வேண்டும். பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து ரயில். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அப்படி ஒருத்தியை பஸ்ஸில் கூட்டிப் போனேன். திருப்பாலைவனம் தாண்டுவதற்குள் அவள் தலை என் மடியில் சாய்ந்துவிட்டது. கண்டக்டர் விசில் அடிக்காமல் பஸ்ஸை நிறுத்தினார். அதற்குமேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை.

மறு வருடம், மழைக்காலம் முடிந்த பிறகு, எங்களுக்கு வண்டி வந்தது. வண்டியோடு ஓர் இளம் டாக்டரம்மாவும் வந்தார்.

அவர் மெட்ராஸில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். குழந்தை பிறந்து, தொப்புள்கொடியை வெட்டிய பிறகு, நஞ்சு என்று நாம் சொல்லும் நஞ்சுக்கொடி வெளியே வருமே, அதில் மிச்சமிருக்கும் ரத்தம்தான் அவருக்கு வேண்டும். இன்று செய்தித்தாள்களில் ஸ்டெம் செல் என்று போடுகிறார்கள். அன்று அவர் எனக்குச் சொன்ன வார்த்தை விதை அணு.

"நெல்லு விதைக்கிற மாதிரிதான். அந்த அணு ஒண்ணு, புது ரத்தத்தையே உண்டாக்கும். ரத்தமே ஊறாத நோயாளிங்க இருக்காங்க. ஒரு நாள் அவங்களுக்கு இது உதவும்" என்றார்.

அவர் கொண்டுவந்த பாட்டில்களில் ரத்தம் உறையாமல் இருக்க அடியில் கொஞ்சம் மருந்து இருக்கும். கழுத்துக்குக் கீழே சிவப்பு பெயின்டில் ஒரு கோடு. கோடு வரை ரத்தம் வந்தால்தான் எண்ணிப் பார்க்கிற அளவுக்கு விதை அணு கிடைக்கும்.

திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் பழைய வேன் ஒன்று காலையில் வந்து, மாலையில் பாட்டில்களோடு திரும்பும். போகிற வண்டியில் சிக்கலான பிரசவக்காரிகளையும் ஏற்றிக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். முதல் வாரமே ஒருத்தியைக் கொண்டுபோனோம். ஏரிக்கு அக்கரைக் குப்பத்துக்காரி. குழந்தையின் கை முதலில் வெளியே வந்துவிட்டது. பத்து நாள் கழித்துத் தாயும் பிள்ளையும் அதே வண்டியில் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். அன்றிலிருந்து ஊரில் அதற்குப் பாட்டில் வண்டி என்று பெயர்.

வண்டி வந்தது, பாட்டில்தான் நிறையவில்லை.

நஞ்சு விழுந்ததும், விடுதியில் பிரசவம் பார்க்கும் நர்ஸ் சிஸ்டர் அதை எனாமல் தட்டில் வைத்து, கொடியில் ஊசி குத்தி உறிஞ்சுவார். கால் பாட்டில் வரும். அதற்குள் உள்ளே உறைய ஆரம்பித்துவிடும். சிஸ்டர் பொன்னேரிக்காரர், கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். "மாட்டுல கூட ஈசியா பால் கறந்துடலாம்" என்று பல்லைக் கடிப்பார்.

இதற்கிடையில் எங்கள் வாட்ச்மேன் அண்ணன் ஒரு காரியம் செய்தார். ஒரு வியாழக்கிழமை எடுத்த பாட்டில், கோட்டுக்கு விரலகலம் குறைவு. அதுவரை எடுத்ததில் அதுதான் அதிகம். மறுநாள் வண்டி வரும்வரை குளிர்ச்சியாக வைத்திருக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அண்ணன் விடுதிக்கு வருவதற்கு முன் இறால் கம்பெனியில் பெட்டி கட்டியவர். குளிர்ச்சி என்றால் அவருக்குத் தெரிந்த குளிர்ச்சி ஒன்றுதான். பெட்டியில் உடைத்த ஐஸ் ஒரு வரிசை, உப்பு ஒரு வரிசை, நடுவில் பாட்டில், மேலே மறுபடி ஐஸும் உப்பும். காலையில் பாட்டிலுக்குள் ரத்தம் கல்லாகிக் கிடந்தது.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "யாரு உப்பு போட்டது?"

"நான்தாம்மா. உப்பு சேந்தா ஐஸு இன்னும் ஜில்லுன்னு ஆவும். பத்து நாளானாலும் கெடாது. ஜப்பான் வரைக்கும் போவும்" என்றார் அண்ணன் பெருமையாக.

"அண்ணே, உள்ள இருக்கிற அணு உயிரோட வேணும். இது எல்லாம் உறைஞ்சு வெடிச்சுப் போச்சு."

"உசுரோட வேணும்னா ஐஸ் எதுக்கும்மா கேட்டீங்கோ?" என்று அவர் திருப்பிக் கேட்டார். டாக்டரம்மாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மார்ச் மாதம் பிறந்த அன்று அவர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். அவருக்கு மேலே இருக்கும் பெரிய டாக்டர் முடிவு செய்துவிட்டாராம். இந்த மாதத்துக்குள் வரிசையாக ஐந்து பாட்டில் கோட்டைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் வேலையும் வண்டியும் வேறு ஊருக்குப் போய்விடும்.

அவர் ஆராய்ச்சியை நினைத்துக் கலங்கினார். நான் பஸ்ஸை நினைத்தேன். சிஸ்டரும் அதையே நினைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அன்று மாலையே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். குழந்தை வெளியே வந்ததும் ஒரு நொடி கூடக் காத்திராமல் கொடியை வெட்டினார். குழந்தைக்குப் போக வேண்டிய ரத்தமும் நஞ்சிலேயே நின்றது. பாட்டில் முக்காலுக்கு மேலே ஏறியது.

எங்கள் குப்பங்களில் கொடியில் துடிப்பு அடங்காமல் வெட்ட மாட்டார்கள். அது பிள்ளையின் சொத்து என்பார்கள். பிரசவக்காரியோடு வந்திருந்த பெண் சிஸ்டர் வெட்டியதைப் பார்த்துவிட்டாள். மறுநாளே அவள் ஊரான கோட்டைக்குப்பத்தில் பேச்சு பரவிவிட்டது. "ஆஸ்பத்திரில புள்ளை ரத்தத்த பாட்டில்ல புடிச்சி மெட்ராஸுக்கு அனுப்புறாங்கோ." அந்த வாரம் இரண்டு பேர்தான் பிரசவத்துக்கு வந்தார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே பெற்றுக்கொண்டார்கள்.

டாக்டரம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. "சிஸ்டர், இப்படி வர்ற ரத்தம் எனக்கு வேணாம்."

"அப்ப வண்டியும் வேணாமா? சொல்லுங்கோ" என்றார் சிஸ்டர்.

எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. இவர்கள் யாரும் பார்க்காத இடத்தில் அதை நான் தினமும் பார்த்தேன், ஆனால் அன்றுதான் உறைத்தது. நஞ்சைப் புருஷன் கையில் கொடுத்தனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். மண்சட்டியில் போட்டு, மூடி, அவன் எடுத்துப்போய் வீட்டருகே புதைப்பான். சட்டியில் எடுத்து வைப்பது என் வேலை. அன்று ஒருவன் வாசலுக்குப் போனவன் திரும்பி வந்தான்.

"இன்னா ஆயா, சட்டி நிறைய ரத்தம் கீது? லுங்கியெல்லாம் ஒழுகிடிச்சி பாரு."

பார்த்தேன். பாட்டிலுக்கு வராத ரத்தம் சட்டியின் அடியில் இருந்தது. தட்டில் படுக்க வைத்தபோது உள்ளேயே தங்கியது, தூக்கியதும் வடிந்திருக்கிறது. எடுக்கத் தெரியாமல் நாங்கள்தான் விட்டிருக்கிறோம். குழந்தையின் பங்கில் கை வைக்கத் தேவையே இல்லை.

வேலைக்கு வருவதற்கு முன் நானும் என் அம்மாவும் ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடிப்போம். பிடித்ததைப் பல்லில் கடித்த ஓலைப்பையில் போடுவோம். கரையில் வியாபாரி உடனே நிறுக்க மாட்டார். தண்ணீரோடு நிறுக்க அவருக்கு மனசு வராது. எல்லாவற்றையும் வலைப்பையில் கொட்டி, மூன்று கழிகளைச் சேர்த்து நிறுத்திய முக்காலியில் கட்டித் தொங்கவிடுவார். தரையில் வைத்திருந்தபோது காய்ந்த மாதிரி இருந்தது தொங்கியவுடன் சொட்ட ஆரம்பிக்கும். நின்றுவிட்டது என்று நினைக்கும்போது மேலே உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்துவார். இன்னும் ஒரு சொம்பு வடியும். வயிற்றெரிச்சலோடு எத்தனையோ நாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் நைலான் நூலும் வலை ஊசியும் எடுத்து உட்கார்ந்தேன். வலைக் கண் சிறிதாக இருந்தால் ரத்தமும் சவ்வும் அடைக்கும். பெரிதாக இருந்தால் நஞ்சு நழுவி விழும். இரண்டு விரல் நுழைகிற அளவுக்குக் கண் வைத்தேன். நடுவில் கொடி இறங்குவதற்கு மட்டும் பெரிய வளையம் ஒன்று விட்டேன். மேலே சுருக்குக் கயிறு. மறுநாள் ஊசிகளைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தில் அதையும் போட்டேன்.

சிஸ்டர் மூடியைத் திறந்து பார்த்தார். "இன்னாடி இது, குழம்புக்கு வலை போட்டு வேக வெக்கிறியா?"

பையை எடுத்துக் காட்டினேன், குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடும் ஸ்டாண்டைக் காட்டினேன்.

"சொல்லுடி. ஊமையா நீ?"

"நஞ்ச தொங்கவுடணும் சிஸ்டர். கீழ பாட்டில். தானா வடியும். புள்ளை கொடிய அவசரமா வெட்ட வேணாம்." வேலைக்குச் சேர்ந்து அவரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

சிஸ்டர் ஸ்டாண்டை இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்தினார். பிறகு, "தொங்கவுட்டு பாப்போம். உழுந்துதுன்னா தரைய நீதான் கழுவணும்" என்றார்.

முதல் தடவை தோல்வி. அவசரத்தில் நஞ்சைக் கரடுமுரடான பக்கம் கீழே இருக்கும்படி பையில் போட்டுவிட்டேன். கொடி மேல்பக்கத்திலிருந்து கிளம்பி, விளிம்பில் மடிந்து இறங்கியது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை மடித்த மாதிரி, நாலு சொட்டோடு நின்றுவிட்டது. "இறாலு கூட இத விட தண்ணி விடும்" என்றார் வாட்ச்மேன் அண்ணன் கதவுக்கு வெளியே இருந்து. சிஸ்டர், "நீ உப்பு போடாம இருந்தா போதும், போய்யா" என்று விரட்டினார்.

மறு தடவை வழவழப்பான பக்கத்தைக் கீழே வைத்தேன். கொடி வளையத்தின் வழியாக நேராக இறங்கியது. துடிப்பு அடங்கிய பிறகே வெட்டியிருந்தோம். கொடியின் கீழ்முனையை ஸ்பிரிட்டாலும் அயோடினாலும் துடைத்து, அதன் பெரிய நாளத்தில் சிஸ்டர் குழாய் மாட்டிய ஊசியை ஏற்றினார். நான் பாட்டிலைக் கீழே பிடித்து, மருந்தும் ரத்தமும் கலக்கும்படி மெல்லச் சுழற்றிக்கொண்டே இருந்தேன். ரத்தம் குழாயில் ஓடி வந்தது. யாரும் உறிஞ்சவில்லை. ஓட்டம் மெலிந்தபோது கையுறை போட்ட உள்ளங்கையால் மேலே மெதுவாக அழுத்தினேன். மறுபடி ஓடியது.

கோட்டைத் தொட்டது.

சிஸ்டர் ஊசியை எடுக்க மறந்து நின்றார். "அடிப்பாவி" என்றார். அவர் அகராதியில் அதுதான் பாராட்டு.

அப்படி நான்கு பாட்டில் வந்தன. ஒவ்வொன்றிலும் ஏதாவது கற்றுக்கொண்டோம். நஞ்சு விழுந்த ஐந்தாவது நிமிடத்துக்குள் தொங்கவிட வேண்டும், தாமதித்தால் உறையும். பாட்டிலை ஈரத் துணியில் சுற்றி, வெயில் படாமல் வைத்தால் போதும், ஐஸ் ஆகாது. டாக்டரம்மா மெட்ராஸில் எண்ணிப் பார்த்துவிட்டு, அணுக்கள் உயிரோடு நிறைய இருக்கின்றன என்று டிரைவரிடம் சீட்டு கொடுத்து அனுப்பினார். ஐந்தாவது பாட்டில்தான் பாக்கி. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. விடுதியில் அன்று ஒரே ஒரு பிரசவக்காரி. படகோட்டி ஒருவரின் மனைவி. கூட அவள் மாமியார்.

மாமியார் பாட்டிலைப் பார்த்ததும் எழுந்து கதவுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"எம்மருமவ ரத்தத்தயும் எம்பேரப்புள்ளை ரத்தத்தயும் எவனும் தொடக் கூடாது. கேள்விப்பட்டேன் எல்லாம். அந்தப் பாட்டில எத்துக்கினு போங்க."

டாக்டரம்மா ஏதோ விளக்கினார். விதை அணு, நோயாளிகள். அந்த அம்மாள் கேட்கவே இல்லை. "படிச்ச பேச்சு எனக்கு வோணாம்" என்றார். டாக்டரம்மா பின்வாங்கினார். "அவங்க வேணாம்னா வேணாம். எடுக்க வேண்டாம் சிஸ்டர்" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. வெளியே வேன் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்தேன். மறுபடி பஸ்தானா என்று நினைத்தேன்.

நான் அந்த அம்மாளிடம் போனேன். முகத்தைப் பார்த்தேன்.

"அத்த, உங்க ஊட்டுல மீனு வந்தா பங்கு எப்பிடி பிரிப்பீங்க?"

"இன்னாத்துக்கு கேக்கிற?"

"சொல்லு அத்த."

"படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஏறினவனுக்கு ஒரு பங்கு."

"பங்கு எல்லாம் போன பெறகு வலைக் கண்ணுல மாட்டிக்கினு நிக்கிற பொடி மீன?"

"அது யாரு வேணா உதறி எத்துக்கலாம்."

"அதான் அத்த நாங்க கேக்குறது. புள்ளை பங்கு மொதல்ல புள்ளைக்கு. கொடில நீயே கைய வெச்சிப் பாரு. துடிப்பு அடங்கிடிச்சின்னு நீ சொன்னாத்தான் வெட்டுவோம். நஞ்சு வெளிய வந்த பெறகு அதுல மிச்சம் நிக்கிறது மட்டுந்தான் பாட்டிலுக்கு. நஞ்ச முழுசா உன் மவன் கையில சட்டியில குடுத்துடுவேன். இந்தப் பாட்டில் போவலைன்னா அந்த வண்டி போயிடும் அத்த. நாளைக்கு உங்க குப்பத்துலருந்து ஒருத்திய பஸ்ஸுல ஏத்தணும். நான் ஒருத்தியோட போயிருக்கேன். மறுபடி என்னால போவ முடியாது."

அந்த அம்மாள் கதவை விட்டு ஓரடி நகர்ந்தார். "நான் சொன்னாத்தான் வெட்டுவீங்களா?"

"நீ சொன்னாத்தான்."

"மருமவள கேளு. அவ சரின்னா எனக்கும் சரி."

உள்ளே வலியில் கிடந்த மருமகள், "எடுத்துக்கோங்க, யாராவது எனக்கு மொதல்ல புள்ளைய எடுத்துக் குடுங்க!" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்துவிட்டோம்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஆண் குழந்தை. மாமியார் கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு வந்து, கொடியை இரண்டு விரலால் பிடித்துக் கண்ணை மூடி நின்றார். சிஸ்டர் கத்தரியோடு காத்திருந்தார். "ம்... இன்னும் கீது... இன்னும் கீது..." நேரம் போனது. "ஆங். அடங்கிடிச்சி. வெட்டு" என்றார். ஒரு பெரிய அதிகாரி உத்தரவு போட்ட மாதிரி.

பை தொங்கியது. பாட்டில் நிறைந்தது. கோட்டைத் தாண்டி ஒரு விரல் மேலே போய் நின்றது. மாமியார் குனிந்து பார்த்துவிட்டு, "எம்பேரன் பங்க எடுத்துக்கினது போவ இவ்ளோ மிச்சமா? கெட்டிக்காரன்" என்றார்.

டாக்டரம்மா என்னைக் கட்டிக்கொண்டார். என் கை முழுக்க ரத்தம் இருந்தது, அவர் சேலையைப் பற்றிக் கவலைப்படவில்லை. வாட்ச்மேன் அண்ணன் வாசலில் நின்றவர்களிடமெல்லாம் தானே பெற்றது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். வேன் ஹாரன் அடித்துக்கொண்டே கிளம்பியது.

அடுத்த வாரம் பெரிய டாக்டர் என்னை மெட்ராஸுக்கு வரச் சொன்னார். அங்கே ஒரு நீள அறை, வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் இருபது பேர். ஸ்டாண்டில் பையைக் கட்டி, நஞ்சை எந்தப் பக்கம் வைக்க வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினேன். வேலை சரியாக நடந்தது. வயதான ஒரு டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வலைக் கண்களைத் தடவிப் பார்த்தார். "இந்த முடிச்சு நழுவாதா?" என்று கேட்டார். "கொடுவா மீனு இழுத்தாலே நழுவாது சார்" என்றேன். அறை முழுக்கச் சிரித்தார்கள். பத்துப் பை பின்னித் தரச் சொன்னார்கள்.

முடிந்ததும் பெரிய டாக்டர் என்னிடம், "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார். ஏதாவது புடவை, பரிசு என்று எதிர்பார்த்திருப்பார்.

"வண்டி தினமும் வரணும் சார். வாரத்துல மூணு நாளு மட்டும் புள்ளைங்க பொறக்கறதில்ல."

அவர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "சரி, தினமும்" என்றார் பெரிய டாக்டர். ஒரு காகிதத்தை எடுத்து அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பாட்டில் வண்டியிலேயே ஊர் திரும்பினேன். மீஞ்சூர் ரயில்வே கேட்டில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் ஆயா, ஞாயித்துக்கெழமையுமா? எம்பொண்டாட்டிக்கு நீயே வந்து பதில் சொல்லு."

"வரேன் அண்ணே" என்றேன். "சொல்றேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே வேலை வந்தது. நிறைமாதக்காரி ஒருத்தியை ரத்தப்போக்கோடு படகில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவள் கால்கள் ஜில்லென்று இருந்தன. வேன் வாசலில் நின்றது. அவளை ஏற்றிக்கொண்டு, தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வழி நெடுக, நானே ஆச்சரியப்படும்படி, அவளோடு பேசிக்கொண்டே போனேன். திருப்பாலைவனம் தாண்டியது. பொன்னேரி தாண்டியது. "தண்ணி" என்று கேட்டாள். மெட்ராஸ் ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது அவள் கண்ணைத் திறந்து, "இவ்ளோ பேசறியே, உன் வாயி வலிக்கல?" என்று கேட்டாள்.

ஒன்பதாம் நாள் அவளையும் பெண் குழந்தையையும் பழவேற்காட்டில் இறக்கிவிட்டோம்.